தம்பி இப்போது விமானம் ஏறவேண்டாம், ஆச்சி

கேள்வி:

வணக்கம். தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். என் மகன் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் சிவில் முடித்துவிட்டு, பிரிட்டனில் மான்செஸ்டரில் எம்.எஸ்ஸி. படித்தான். படிப்பு முடிந்ததும் கிடைத்த இரண்டு வருட கிராஜுவேட் விசாவில் அங்கேயே ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். கம்பெனியே ஸ்பான்சர் செய்ய, 2025 செப்டம்பரில் வேலை விசாவுக்கு விண்ணப்பித்தான். எட்டு வாரத்தில் முடிவு வரும் என்றார்கள். அக்டோபரில் பழைய விசா முடிந்துபோனது. தை பிறந்தும் பதில் இல்லை. மாசியில் என் மகளுக்குக் கல்யாணம். கூடப் பிறந்த அண்ணன் இல்லாமல் எப்படி நடத்துவது? பத்து நாள் வந்துவிட்டுப் போகலாமா, இல்லை கல்யாணத்தைத் தள்ளிவைப்பதா? கம்பெனியில் வேறு, விசா முடிந்த ஆளை எத்தனை நாள் வைத்திருப்பது என்று கேட்கிறார்களாம். தெரிந்த ஏஜென்ட் ஒருவர், லண்டன் ஆபீஸுக்குள்ளே ஆள் இருக்கிறது, இரண்டு லட்சம் கொடுத்தால் ஃபைலை நகர்த்தலாம், இல்லாவிட்டால் புதிதாக இன்னொரு விண்ணப்பம் போட்டுவிடலாம் என்கிறார். நகையை வைத்துக் கொடுக்கலாமா என்று வீட்டில் யோசிக்கிறோம். முதலில், அவன் அங்கே இப்போது சட்டப்படிதான் இருக்கிறானா? ராத்திரி தூக்கமே இல்லை.

பதில்:

ஆச்சி, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். தம்பி அங்கே சட்டப்படிதான் இருக்கிறார். பழைய விசா முடிவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட்டதால், முடிவு வரும் வரை அந்தப் பழைய அனுமதி தானாகவே நீள்கிறது. பிரிட்டனின் 1971ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் 3சி என்ற பிரிவு இதைச் சொல்கிறது. யாரும் தனியாக உத்தரவு போட வேண்டியதில்லை, தனியாகக் கேட்டு வாங்க வேண்டியதும் இல்லை. முடிவு எட்டு வாரத்தில் வந்தாலும் எட்டு மாதத்தில் வந்தாலும் இந்தப் பாதுகாப்பு அதுவரை நிற்கும். கிராஜுவேட் விசாவில் என்னென்ன செய்யலாமோ அத்தனையும் இன்றைக்கும் செய்யலாம்: முழுநேர வேலை பார்க்கலாம், சம்பளம் வாங்கலாம், வாடகை வீட்டில் இருக்கலாம், உடம்புக்கு முடியாவிட்டால் அரசு மருத்துவத்துக்குப் போகலாம். ஆகவே, விசா இல்லாமல் இருக்கிறான் என்று உறவுக்காரர் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஆனால் அதே 3சி பிரிவில், நீட்டிக்கப்பட்ட அனுமதியில் இருப்பவர் பிரிட்டனை விட்டு வெளியேறினால் அந்த அனுமதி அத்தோடு முடிந்துபோகும் என்று எழுதியிருக்கிறது. குடியேற்ற விதிகளில் 34கே என்ற பத்தி இன்னும் ஒரு படி மேலே போகிறது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வெளிநாடு போனால், கிளம்பிய தேதியிலேயே அந்த விண்ணப்பத்தை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கணக்கு. பத்து நாள் கல்யாணத்துக்கு வந்தாலும் ஒன்றுதான், நண்பர்களோடு இரண்டு நாள் பாரிஸ் போய்வந்தாலும் ஒன்றுதான். காரணம் என்ன என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இதில் ஏமாந்துபோகிறவர்கள் அதிகம். என்னிடம் அழுதுகொண்டு பேசியவர்களில் பலர் இந்த இடத்தில்தான் விழுந்தார்கள். பாஸ்போர்ட் தம்பியின் கையிலேயே இருக்கிறது. இப்போதெல்லாம் கைபேசிச் செயலியில் ஸ்கேன் செய்து விண்ணப்பிக்கிறார்கள், பாஸ்போர்ட்டை யாரும் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. லண்டனிலோ மான்செஸ்டரிலோ விமானம் ஏறும்போது, விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, போகாதே என்று தடுக்க ஆள் கிடையாது. நிம்மதியாகத் திருச்சியிலோ மதுரையிலோ வந்து இறங்கிவிடலாம். கல்யாணம் முடிந்து திரும்பும்போதுதான் விமான கம்பெனியின் கவுன்ட்டரில் நிறுத்துவார்கள். முன்பு கையில் இருந்த விசா அட்டைகள் 2024 டிசம்பர் 31உடன் முடிந்தன, இனி எல்லாம் இணையக் கணக்கில் பதிவாகும் இ-விசா. அதில் உயிரோடு இருக்கும் அனுமதி எதுவும் தெரியாவிட்டால் ஏற்றமாட்டார்கள்.

பிறகு என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பத்து நாள் பயணத்தின் விலை அப்போதுதான் புரியும். சென்னையிலிருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கம்பெனி புதிய ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே விண்ணப்பத்தில் பயன்படுத்திய சான்றிதழ் மறுபடி செல்லாது. நாட்டுக்கு வெளியே இருக்கும் ஆளுக்கு வேறு வகைச் சான்றிதழ், அதைக் கம்பெனி தன் இருப்பிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது, பிரிட்டனின் உள்துறையான ஹோம் ஆபீஸிடம் அந்த ஒரு ஆளுக்கென்று கேட்டு வாங்க வேண்டும். விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் கைரேகை, கட்டணம் மறுபடி முதலிலிருந்து. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தால் வழக்கமாக மூன்று வாரம் என்பார்கள். எட்டு வாரம் என்றது எப்படி நீண்டது என்று பார்த்துவிட்டீர்கள். அந்த நாட்களில் தம்பிக்கு அங்கே வேலை இல்லை, சம்பளம் இல்லை, வீட்டு வாடகை மட்டும் ஓடும். கம்பெனி காத்திருக்குமா என்பது அவர்கள் மனசைப் பொறுத்தது.

பழைய விசாவில் நாள் மிச்சம் இருந்திருந்தால் கதை வேறு. அப்போது வந்தாலும் விண்ணப்பம் போய்விடும்தான், ஆனால் பழைய விசாவிலேயே திரும்ப நுழைந்து மறுபடி விண்ணப்பிக்கலாம். பக்கத்து வீட்டுப் பையன் வந்துபோனானே என்று யாராவது சொன்னால், அவனுக்கு அந்த வசதி இருந்திருக்கும். தம்பிக்கு அக்டோபரோடு அந்த வழி அடைபட்டுவிட்டது.

அதனால் என் பதில் உறுதியானது: முடிவு வராமல் தம்பி வரக்கூடாது. கல்யாணத்தைத் தள்ளிவைக்கவும் வேண்டாம். மாசி முகூர்த்தத்தைப் பங்குனி தாண்டி வைத்தாலும் அதற்குள் முடிவு வரும் என்று பிரிட்டனில் ஒருவரும் எழுதிக்கொடுக்கமாட்டார்கள். மாப்பிள்ளை வீடு, கோயிலிலிருந்து வரவேண்டிய மாலை, சமையல், மேளம், ஊர் அழைப்பு என்று இத்தனை பேரின் நாளை ஒரு வெளிநாட்டு அலுவலகத்தின் தாமதத்தோடு முடிச்சுப்போடாதீர்கள். இசைகுடிமானம் என்ற கல்யாணப் பத்திரம் எழுதும்போதும் தாலி கட்டித் திருப்பூட்டும்போதும் அண்ணன் இல்லையே என்று உங்கள் மகளுக்கு இருக்கும் ஏக்கம் எனக்குத் தெரிகிறது. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நாளுக்காக அண்ணன் வேலையை இழந்தான் என்றால், அந்தப் பாரத்தை வாழ்நாள் முழுக்கச் சுமக்கப்போவதும் அதே பெண்தான். அவளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். தம்பியே பேசிச் சொன்னால் இன்னும் நல்லது.

உங்கள் பக்கத்து வீடுகளுக்கு இது புதிதும் இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் தொழில் நடத்திய கிட்டங்கியிலும் மூன்று வருஷக் கணக்குக்கு, அதாவது தவணைக்கு, போன பிள்ளைகள், கணக்கு முடியாமல் இடையில் திரும்பியதில்லை. அந்த வருஷங்களில் இங்கே எத்தனையோ கல்யாணங்கள் நடந்தன. அன்றைக்கு விசா என்ற தொல்லை மட்டும் இல்லை. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி.

இனி கம்பெனி விஷயம். எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான், ஹோம் ஆபீஸின் தாமதம்கூட இவ்வளவு கவலை தரவில்லை. அனுமதி இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால் அங்கே முதலாளிக்கு ஒரு ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம், மறுபடி பிடிபட்டால் 60,000 பவுண்டு வரை. 2024 பிப்ரவரியில் இதை ஏற்றினார்கள். அதனால் எச்.ஆர். ஆட்கள் பயப்படுகிறார்கள், அவர்களைக் கோபித்துப் பயனில்லை. பயத்தைப் போக்கும் காகிதம் ஒன்று இருக்கிறது. ஹோம் ஆபீஸ் நடத்தும் எம்ப்ளாயர் செக்கிங் சர்வீஸ் என்ற இணைய சேவையில் கம்பெனி தம்பியின் விவரத்தைக் கொடுத்தால், இவருக்கு வேலை செய்ய உரிமை உண்டு என்று உறுதி அறிவிப்பு வரும். அது ஆறு மாதம் செல்லும். ஆறு மாதத்துக்குள் விசா முடிவு வராவிட்டால் மறுபடி சோதித்துப் புது அறிவிப்பு வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காகிதம் கையில் இருக்கும்வரை கம்பெனிக்கு அபராத பயம் இல்லை. இதற்குக் கட்டணமும் கிடையாது.

தம்பியிடம் இன்றைக்கே கேளுங்கள்: அக்டோபருக்குப் பிறகு கம்பெனி இந்தச் சோதனையைச் செய்ததா? செய்திருந்தால் அந்த அறிவிப்பின் தேதி என்ன? பழைய விசா முடிந்ததிலிருந்து 28 நாள் வரைதான் கம்பெனிக்குச் சலுகை, அதற்குள் இதைச் செய்திருக்க வேண்டும். செய்யாமல் விட்டிருந்தால் நாளைக்கே செய்யச் சொல்லி மின்னஞ்சலில், எழுத்தில் கேட்கட்டும். விண்ணப்ப எண்ணையும் விண்ணப்பித்த தேதியையும் அதிலேயே குறிப்பிடட்டும். சின்னக் கம்பெனிகளில் எச்.ஆர். வேலையைக் கணக்குப் பார்க்கிறவரே சேர்த்துப் பார்ப்பார், அவருக்கு இப்படி ஒரு சேவை இருப்பதே தெரிந்திருக்காது. திறமையான பிள்ளைகள் விசா மறுக்கப்படாமலே வேலையை இழப்பதை நான் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவர் ஒரு படிவத்தை நிரப்பாததுதான் காரணம். மனசு எரிகிறது.

அடுத்து அந்த ஏஜென்ட். அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், ஆச்சி. நகை பெட்டியிலேயே இருக்கட்டும், மகளுக்கு வேண்டும். பணம் கட்டி வேகமாக முடிவு வாங்கும் வழி பிரிட்டனில் சட்டப்படியே இருக்கிறது: 500 பவுண்டு கட்டினால் ஐந்து வேலை நாளில், 1,000 பவுண்டு கட்டினால் மறுநாளில் முடிவு என்பது அந்த ஏற்பாடு. ஆனால் அதை விண்ணப்பிக்கும்போதே எடுக்க வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. இது ஒன்றுதான் காசு கொடுத்து நகர்த்தும் வழி, அது தம்பிக்கு முடிந்துபோன கதை. உள்ளே ஆள் இருக்கிறது என்று யார் சொன்னாலும் பொய். அந்தப் பணம் லண்டனுக்குப் போகாது, காரைக்குடியைத் தாண்டாது.

அவர் சொன்ன இன்னொரு யோசனை இதைவிட ஆபத்து. புதிதாக இன்னொரு விண்ணப்பம் போட்டால் இரண்டில் ஒன்று ஜெயிக்கும் என்று நினைக்கிறார்கள். பிரிட்டிஷ் விதியில் ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு விண்ணப்பம்தான். முதலாவது முடியாமல் இரண்டாவது போட்டால், இரண்டாவது முதலாவதைத் திருத்தியதாக எடுத்துக்கொள்வார்கள். நான்கு மாதம் வரிசையில் நின்றது வீணாகி, மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டியதாகும். வேறு கம்பெனியில் நல்ல வேலை கிடைத்து, புதிய ஸ்பான்சர்ஷிப் சான்றிதழோடு மாற வேண்டும் என்ற நிலை வந்தால் மட்டும் அந்த வழியை யோசிக்கலாம், அதுவும் அங்கே உள்ள வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு.

ஏஜென்ட் பற்றி இன்னொன்றும் கேட்க வேண்டும். செப்டம்பரில் விண்ணப்பத்தை யார் நிரப்பினார்கள்? அதில் யாருடைய மின்னஞ்சல் முகவரி இருக்கிறது? இது சின்னக் கேள்வி மாதிரித் தெரியும். ஹோம் ஆபீஸ் கூடுதல் ஆவணம் கேட்டால் மின்னஞ்சலில்தான் கேட்கும், இன்ன தேதிக்குள் அனுப்பு என்று கெடுவும் வைக்கும். அந்தக் கடிதம் ஏஜென்ட்டின் பெட்டியில் படிக்கப்படாமல் கிடந்தால், இங்கே நீங்கள் தாமதம் என்று நினைத்துக் காத்திருப்பீர்கள், அங்கே கெடு தாண்டிக்கொண்டிருக்கும். தம்பி தன் பெயரில், தன் கைபேசி எண்ணில் அந்த இ-விசாக் கணக்கைத் திறக்க முடிகிறதா என்று இன்று இரவே பார்க்கட்டும். முடியாவிட்டால் மின்னஞ்சலையும் எண்ணையும் மாற்றச் சொல்லி அவரே ஹோம் ஆபீஸுக்கு விண்ணப்பிக்கலாம். ஸ்பாம் பெட்டியையும் செப்டம்பரிலிருந்து தேடட்டும். கணக்கின் கடவுச்சொல்லை இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

பிரிட்டனுக்குள் குடியேற்ற ஆலோசனை சொல்கிறவர் ஒன்று வழக்கறிஞராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டி என்ற அமைப்பில் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் சொல்வது அங்கே குற்றம். பதிந்தவர்களின் பட்டியல் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. பணம் ஏற்கெனவே கொஞ்சம் கைமாறியிருந்தால் வெட்கப்படாமல் போலீஸில் புகார் கொடுங்கள். வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் உடனே சொல்லுங்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை இடையில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பீர்கள். எட்டு வாரம் என்பது சிக்கல் இல்லாத விண்ணப்பத்துக்கு அவர்களே வைத்துக்கொண்ட இலக்கு. ஏதாவது ஒன்றைக் கூடுதலாகச் சரிபார்க்க வேண்டும் என்று அதிகாரிக்குத் தோன்றினால் அந்த இலக்கு பொருந்தாது என்று சொல்லிவிடுவார்கள். சரிபார்ப்பது பெரும்பாலும் பையனை அல்ல, கம்பெனியைத்தான். இந்த வேலை உண்மையாகவே இருக்கிறதா, சொன்ன சம்பளம் தருகிறார்களா, வரித்துறைக் கணக்கோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். 2025 ஜூலை 22 முதல் விதியைக் கடுமையாக்கினார்கள். பொதுச் சம்பள வரம்பு 38,700 பவுண்டிலிருந்து 41,700 ஆனது, பட்டப்படிப்புத் தகுதி உள்ள வேலைகளே பெரும்பாலும் செல்லும் என்றும் ஆனது. தம்பி போல கிராஜுவேட் விசாவிலிருந்து மாறும் புதியவர்களுக்கு 33,400 பவுண்டு வரை குறைந்த வரம்பு உண்டு, அந்த வேலைக்கென்று தனியாக நிர்ணயித்த சம்பளத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். விதி மாறினால் கேள்வியும் கூடும்.

ஒரு விஷயத்தை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இங்கிருந்தே பார்த்துச் சொல்லலாம். ஸ்பான்சர் உரிமம் உள்ள கம்பெனிகளின் பட்டியலைப் பிரிட்டன் அரசு தன் இணையதளத்தில் வெளியிட்டு அடிக்கடி புதுப்பிக்கிறது. அதில் தம்பியின் கம்பெனி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு பாரம் குறைந்தது. இல்லாவிட்டால் அன்றைக்கே தம்பி கம்பெனியில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். உரிமத்தில் பிரச்சினை என்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுபோகும், உரிமம் ரத்தானால் விசாவும் கிடைக்காது. அப்போது காத்திருப்பது தவறு, வேறு ஸ்பான்சர் தேட வேண்டும். தேட நேரம் இருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

முடிவைத் துரிதப்படுத்த என்ன செய்யலாம்? நான்கு மாதம் தாண்டிய நிலையில் நான் முதலில் நாடுவது எம்.பி.யை. தம்பி குடியிருக்கும் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு, தன் முகவரியையும் விண்ணப்ப எண்ணையும் போட்டு அவர் எழுதலாம். நாம் வெளிநாட்டுக்காரர்தானே என்று தயங்கவேண்டாம். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் அனுமதியோடு அங்கே வசித்தால் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடவே உரிமை உண்டு, இந்தியரும் அதில் சேர்த்தி. அந்த எம்.பி. தம்பிக்கும் எம்.பி.தான். அவர் அலுவலகம் ஹோம் ஆபீஸிடம் நேராகக் கேட்கும் வழி வைத்திருக்கிறது. கேட்டதும் விசா வந்துவிடும் என்று சொல்லமாட்டேன், ஆனால் எங்கே நிற்கிறது, எதற்காக நிற்கிறது என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். விண்ணப்பித்த நாள், பழைய விசா முடிந்த நாள், கம்பெனி சொல்வது, தங்கை கல்யாணத் தேதி, இவ்வளவு போதும். கம்பெனியும் தனியாக ஒரு கடிதம் எழுதினால் நல்லது. இவர் இல்லாவிட்டால் எந்தப் பணி நிற்கும் என்று முதலாளி எழுதுவதற்குத் தனி மதிப்பு உண்டு.

அதோடு, ஹோம் ஆபீஸுக்கு இணையத்தில் முறையான புகார் கொடுக்கலாம். 20 வேலை நாளில் பதில் தருவதாக அவர்கள் சொல்கிறார்கள். தன்னைப் பற்றிய கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று தகவல் பாதுகாப்புச் சட்டப்படி இலவசமாகக் கேட்டு வாங்கவும் வழி இருக்கிறது, வழக்கமாக ஒரு மாதம் ஆகும். இவை எதற்கும் பதில் இல்லாமல், கம்பெனியும் வேலையை விட்டு நிறுத்துவோம் என்று எழுத்தில் சொல்லும் நிலை வந்தால்தான் வழக்கறிஞர் நோட்டீஸ். வழக்குக்கு முந்தைய கடிதம் என்பார்கள், வழக்கமாக 14 நாள் அவகாசம் கொடுத்து அனுப்புவது. அந்தக் கடிதம் போனதுமே பல கோப்புகளில் முடிவு வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் மேலே அப்பர் ட்ரிப்யூனல் என்ற மேல் தீர்ப்பாயத்தில் வழக்கு. செலவு பல ஆயிரம் பவுண்டு, தம்பிக்கு இப்போது அது தேவையில்லை.

வீட்டில் பெரியவர்கள் இருப்பார்கள், அப்பத்தாவுக்கோ ஐயாவுக்கோ திடீரென்று உடம்புக்கு ஆகாமல் போனால் என்ன செய்வது என்ற பயமும் உங்களுக்குள் இருக்கும். அப்படி ஒன்று வந்தால், மருத்துவமனைக் கடிதத்தோடு முடிவைத் துரிதப்படுத்தக் கேட்கலாம், எம்.பி. வழியாகவும் கேட்கலாம். கல்யாணத்துக்கு இரங்காத அலுவலகம் உயிர் விஷயத்துக்குச் சில சமயம் இரங்கும். நேரத்துக்குள் வராவிட்டால் வருவதா இருப்பதா என்பதைத் தம்பிதான் முடிவு செய்ய வேண்டும். என்ன போகும் என்று தெரிந்துகொண்டு வந்தால் நான் அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். தெரியாமல் வந்து மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் உங்கள் தெருவிலேயே நிறைய. அவர்கள் சொல்லும் யோசனையைத் தம்பிக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். அமெரிக்காவில் படிப்பு முடித்ததும் கிடைக்கும் ஓ.பி.டி. வேலை அனுமதிக்கு, அட்டை கையில் வரும் வரை ஒரு நாள்கூட வேலை பார்க்கக்கூடாது. விண்ணப்பம் போட்டாயிற்றே என்று வேலையில் சேர்ந்தால் அங்கே விசா விதிமீறல். அதே அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் படித்தவர்கள் அந்த அனுமதியை 24 மாதம் நீட்டிக்க நேரத்தோடு விண்ணப்பித்தால் 180 நாள் வரை வேலையைத் தொடரலாம். கனடாவில் படிப்பு விசா முடியும் முன்பே வேலை அனுமதிக்கு விண்ணப்பித்த பட்டதாரி, தகுதி இருந்தால் முடிவு வரும் வரை முழுநேரம் வேலை பார்க்கலாம். நாட்டுக்கு நாடு விதி தலைகீழ். எச்-1பி என்ற வேலை விசாவின் முத்திரைக்காக அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்தவர்கள் கதையும் உங்களுக்குக் காதில் விழுந்திருக்கும். 2025 டிசம்பர் 15 முதல் சமூக வலைத்தளக் கணக்குகளைச் சோதிக்கத் தொடங்கியதும் சென்னை உட்பட நேர்காணல்களை மாதக்கணக்கில் தள்ளிவைத்தார்கள். வந்தவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் நல்ல விசாவோடு, நல்ல வேலையில் இருந்தவர்கள்.

மறுப்பு வந்தால் என்ன என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மறுத்த அன்றே தம்பி கிளம்ப வேண்டியதில்லை. 14 நாளுக்குள் 80 பவுண்டு கட்டி, அதிகாரி தவறு செய்திருக்கிறார் என்று மறுபரிசீலனை கேட்கலாம், அது முடியும் வரை 3சி பாதுகாப்பு தொடரும். ஆனால் 14 நாள் என்பது மின்னஞ்சலைப் பார்த்த நாளிலிருந்து என்று யாரும் சலுகை தரமாட்டார்கள். அதனால்தான் அந்த மின்னஞ்சல் முகவரியைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

நல்ல முடிவு வந்தால், டிக்கெட் எடுக்கும் முன் இ-விசாக் கணக்கைத் திறந்து மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: பெயர் எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, இப்போது கையில் இருக்கும் பாஸ்போர்ட் எண்தான் அதில் இணைந்திருக்கிறதா, புதிய விசாவின் முடிவுத் தேதி தெரிகிறதா. தகப்பனார் பெயர், இனிஷியல் குழப்பம் நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும். மூன்றும் சரியாக இருந்தால் அடுத்த விமானத்தில் வரட்டும்.